சேரி மனையும் திருச்சபையும்: பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் கிறித்தவமும் நிலவுரிமையும்

முன்னுரை

சமயம் அரசியலில் தலையிடலாமா என்னும் வினா நம் காலத்தில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. அவ்வினாவைப் பொதுவாக எழுப்பி, பொதுவாகவே விடையிறுத்துச் செல்வோர் பலர். ஆயின் ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வில் சமயமும் ஆட்சியும் எவ்வாறு கலந்தன என்று ஆராய்ந்தால், வினாவே வேறு வடிவம் கொள்வதைக் காணலாம். அத்தகைய நிலப்பகுதி ஒன்று சென்னைக்கு மேற்கே உள்ளது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் தன்னகத்தே கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டமே அது.

இம்மாவட்டத்தின் சேரிகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவம் பரவியது. அதே காலத்தில் சேரி மக்களின் குடியிருப்பு மனை யாருக்கு உரியது என்னும் வினா, சென்னை அரசாங்கத்தின் முன் முதன்முறையாக ஓர் அரசியல் வினாவாக வந்து நின்றது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன. அத்தொடர்பு எத்தகையது, அதனால் விளைந்த நன்மை யாது, அதனுள் பொதிந்திருந்த பிழை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய ஆவணங்களில் பயிலும் சாதிப் பெயர்கள் இங்கு வரலாற்றுத் தேவை கருதியே எடுத்தாளப்படுகின்றன.

ஊரும் சேரியும்

முதற்கண் சொற்களை நோக்குவோம். சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்னும் பொருளையே பண்டு தந்தது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதையின் பெயரே புறஞ்சேரி இறுத்த காதை. அப்புறஞ்சேரி இழிவுக்குரிய இடமன்று, அறவோர் வாழ்ந்த இடம். 10ஆம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் சேரி என்பது பிராமணர் ஊரின் உட்பகுதியைக் குறிக்கிறது. உத்தரமேரூரும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊரே என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர்நத்தம் ஒருபுறமும், பறைச்சேரி, கம்மாணச்சேரி முதலியன மறுபுறமுமாகத் தனித்தனியே எண்ணப்படுகின்றன. சேரி என்னும் சொல் அடைமொழி பெற்றுப் பிரிந்து, பின் அடைமொழி இன்றியே தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பை மட்டும் குறிக்கலாயிற்று. சொல் குறுகிய வரலாற்றில் அச்சொல்லுக்கு உரியோர் வாழ்வு குறுகிய வரலாறும் அடங்கியுள்ளது.

தொண்டை மண்டலத்தில் நிலவுரிமை காணியாட்சி எனப்பட்டது. மரபுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்த மிராசு என்னும் பெயர் அதன்மேல் பிற்காலத்தில் ஏறியது. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இப்பகுதியைச் சாகீராகப் பெற்ற பின்னர், மிராசு உரிமையின் இயல்பு யாது என்பது ஆட்சியாளர்க்குப் பெருஞ் சிக்கலாயிற்று. திருக்குறளுக்கு உரை எழுதியவரும், தென்னிந்திய மொழிகள் ஓரினம் என்பதை 1816இல் எடுத்துக்காட்டியவருமான எல்லிசு, மிராசு பற்றி எழுதிய ஆய்வு 1818இல் வெளியாயிற்று. ஆதொண்டைச் சக்கரவர்த்தி வேளாளரைக் குடியேற்றிய கதையையும் அவர் அதில் ஆராய்கிறார். எல்லிசின் ஆய்வு நிலம் உடையாரின் உரிமையை நுணுகி விளக்கியது. அந்நிலத்தில் உழைத்தோரின் உரிமை அவ்வாறு நுணுகி விளக்கப்படவில்லை.

மிராசு முறையின் கீழ் ஊரின் விளைநிலம் மட்டுமன்றித் தரிசும் மனையும் மிராசுதாரரின் ஆளுகைக்கு உட்பட்டன. தரிசு நிலத்தை அரசிடம் வேண்டிப் பெறும் தர்க்காசு முறையில் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருந்தது. பிறர் ஒருவர் அரசிடம் நிலம் பெற்றாலும், மிராசுதாரருக்கு அவர் சில பங்குகளைச் செலுத்த வேண்டியிருந்தது. அப்பங்குகளுக்குச் சுதந்தரம் என்று பெயர். பிற்காலத்தில் நாடு முழுவதும் விடுதலையைக் குறிக்க வழங்கிய அதே சொல், இம்மாவட்டத்து நில ஆவணங்களில் உழுதவன் உடையவனுக்கு அளக்கும் பங்கைக் குறித்தது. ஒருவரின் சுதந்தரம் மற்றொருவரின் சுமையாக இருந்த காலம் அது.

சேரியில் வாழ்ந்தோருள் பெரும்பாலோர் படியாட்கள். படியளந்து தரும் கூலிக்கு உழைப்பவர் ஆதலின் அப்பெயர். அவர்கள் குடிசை நின்ற மனை மிராசுதாரரின் மனை. திருமணத்துக்கோ சாவுச் செலவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காகத் தம்மையும் தம் மக்களையும் உழைப்புக்கு எழுதிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 1843இன் 5ஆம் சட்டம் அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் அடிமை கொள்வதைக் குற்றமாக்கியது. எனினும் மனையிலிருந்து வெளியேற்றப்படுவோம் என்னும் அச்சம் ஒன்றே படியாளைக் கட்டிவைக்கப் போதியதாக இருந்தது. சட்டம் கழுத்துக் கயிற்றை அறுத்தது. காலடி மண்ணை அது தரவில்லை.

பஞ்சமும் பாதிரிமாரும்

1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் தாது ஆண்டுப் பஞ்சம் என்று மக்கள் நாவில் இன்றும் வழங்குவது. அதன் கொடுமை சேரிகளையே முதலில் தாக்கியது. பஞ்சத்தின் பின்னர்த் தமிழகத்தின் பல பகுதிகளிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டங்கூட்டமாகக் கிறித்தவத்தைத் தழுவினர். செங்கற்பட்டு மாவட்டத்தில் இசுக்காட்லாந்துச் சுயாதீனத் திருச்சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்டுருவும், திருவள்ளூர்ப் பகுதியில் வெசுலியன் மெதடிசுத்துத் திருச்சபையைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் பணியாற்றினர். திருவள்ளூரை அடுத்த ஈக்காடு கௌடியின் பணிக்களமாக விளங்கிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் திறக்கப்பட்ட இருப்புப்பாதை, அம்பத்தூர், ஆவடி வழியாகவே திருவள்ளூர் செல்வது. சென்னை நகரத்துச் சமயப் பணியாளர் சிற்றூர்ச் சேரிகளை எளிதில் எட்டியதற்கு அப்பாதையும் ஒரு காரணம் எனலாம்.

அதற்கு முன்னர்ப் பாதிரிமாரின் நோக்கு பெரும்பாலும் மேற்சாதியார் மீதே இருந்தது. நகரங்களில் கல்லூரி அமைத்து மேற்சாதி மாணவரைக் கவர்ந்தால், சமயம் மேலிருந்து கீழே வடியும் என்று அவர்கள் எண்ணினர். சேரி மக்கள் தாமே வந்து கேட்டபோது பாதிரிமார் தயங்கினர். சோற்றுக்காக வருவோர் நம்பிக்கைக்காக வந்தவர் ஆவரோ என்னும் ஐயம் அவர்களை வாட்டியது. இவ்வையம் ஊன்றி நோக்கத்தக்கது. பசியையும் பத்தியையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வயிறு நிறைந்தோர்க்கே உரியது. சேரியிலிருந்து வந்தவனுக்கு, தன்னைப் பெயர் சொல்லி அழைத்து, தன் வீட்டு வாயிலில் வந்து அமர்ந்து, தன் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் சமயம் ஒன்று உண்டு என்பதே ஒரு வெளிப்பாடாக இருந்திருக்கும்.

சேரியில் பள்ளி ஒன்று எழுப்ப விரும்பிய பாதிரியார்க்கு முதல் தடை மனையே. சேரி நிலம் மிராசுதாரருடையது. அவர் இசையாமல் ஒரு கூரை வேய இயலாது. கிறித்தவம் தழுவிய குடும்பம் மனையை விட்டு விரட்டப்பட்டால் போக்கிடம் இல்லை. ஆகவே ஆண்டுருவும் கௌடியும் நற்செய்தி கூறுவதோடு நில்லாது, அரசினர் விதிகளைப் புரட்டவும், தர்க்காசு விண்ணப்பங்களை எழுதவும், செய்தித்தாள்களில் வாதிடவும் தலைப்பட்டனர். மறுமையைப் பேச வந்தவர்கள் பட்டாவைப் பேச நேர்ந்தது. செங்கற்பட்டை அடுத்து ஆண்டுரு நிறுவிய மெல்ரோசாபுரம் போன்ற குடியேற்றங்கள் இம்முயற்சியின் விளைவுகள். தமக்கென ஒரு மண்ணில் கால் ஊன்றாத மக்களிடையே திருச்சபையும் கால் ஊன்றாது என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்தனர்.

திரமென்கீர் அறிக்கை

இச்சூழலில்தான் செங்கற்பட்டு ஆட்சித் தலைவராக இருந்த திரமென்கீர் 1891இல் தம் அறிக்கையை அரசுக்கு அளித்தார். மாவட்ட மக்கட்டொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினராக இருந்த பறையர்களின் வாழ்நிலையை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. உணவு, உடை, உறையுள், கடன், கல்வி, நிலம் என ஒவ்வொன்றையும் அவர் தனித்தனியே ஆராய்ந்தார். நிலம் பெற முயன்றோர் எவ்வாறு தடுக்கப்பட்டனர் என்பதும், படியாட்கள் கடன் முறிகளால் எவ்வாறு பிணிக்கப்பட்டனர் என்பதும் அதில் விளக்கம் பெற்றன. குடியிருப்பு மனைகளைச் சேரி மக்களுக்கே உரிமையாக்க வேண்டும், பயிரிடத் தரிசு நிலம் ஒதுக்க வேண்டும், தனிப் பள்ளிகள் வேண்டும் என்பன அவர் பரிந்துரைகளுள் தலையாயவை.

அரசாங்கத்தின் உயர்நிலையில் இவ்வறிக்கைக்கு எதிர்ப்பு வலுவாக இருந்தது. நிலவரி செலுத்துவோர் மிராசுதாரர். உழைப்பாளர் நிலம் பெற்றால் மிராசுதாரரின் வயல் தரிசாகும், வரி குறையும் என்னும் கணக்கு வருவாய்த் துறையினர்க்கு இருந்தது. பாதிரிமார் தூண்டிவிடும் கலகம் இது என்னும் குறையும் கூறப்பட்டது. எனினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வெளியான 1010, 1010-அ எண்ணிட்ட வருவாய்த் துறை ஆணை, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழிவகுத்தது. அவ்வாறு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அவற்றை விற்கலாகாது. அதன் பின்னும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது. மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்னும் நிபந்தனைகள் அந்நிலங்களைக் காக்க ஏற்பட்டன. காலப்போக்கில் தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறுவர்.

நிலம் கிடைத்தது, மனை கிடைக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. மனையுரிமை பற்றிய பரிந்துரை அன்று நிறைவேறவில்லை. 1919ஐ ஒட்டி அரசு ஒரு தனி அலுவலரை அமர்த்திய பின்னரே மனைகளை விலைக்கு வாங்கி வழங்கும் பணி தொடங்கியது. வேளாண் தொழிலாளர் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் தமிழக அரசால் இயற்றப்பட்டது. திரமென்கீர் எழுதிய ஒரு பரிந்துரை சட்டமாக 80 ஆண்டுகள் ஆயின.

உலக வரலாற்றில் இதற்கு ஒப்புமை உண்டு. 1861இல் உருசிய நாட்டுப் பண்ணையடிமைகள் விடுவிக்கப்பட்டபோது நிலம் கிடைத்தது. ஆயின் அதற்கு ஈட்டுத் தொகையைப் பல ஆண்டுகள் செலுத்த நேர்ந்தது. 1865இல் அமெரிக்க நீக்ரோவர் விடுதலை பெற்றபோது பெரும்பாலோர்க்கு நிலமே கிடைக்கவில்லை. பழைய முதலாளியின் வயலிலேயே பங்குக்கு உழுதனர். நிலமின்றிக் கிடைக்கும் விடுதலை பாதி விடுதலை என்பதை இம்மூன்று நாட்டு வரலாறும் ஒருமுகமாகக் காட்டுகின்றன.

மீட்பு என்னும் சொல்

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி பொருந்தும். கிறித்தவ சமயத்தின் நடுநாயகமான கருத்தைத் தமிழில் இரட்சிப்பு என்றும் மீட்பு என்றும் மொழிபெயர்த்தனர். இரட்சிப்பு வடசொல் வழிவந்தது. காத்தல் என்னும் பொருளது. மீட்பு தனித்தமிழ்ச் சொல். அடகு வைத்த பொருளையும் ஒற்றி வைத்த நிலத்தையும் கடன் தீர்த்துத் திரும்பப் பெறுதல் என்பதே அதன் உலகியற் பொருள். மூல மொழிகளிலும் இக்கருத்து அடிமையை விலை கொடுத்து விடுவிக்கும் வழக்கத்தினின்றே எழுந்தது என்பர். ஆகவே மொழிபெயர்ப்பு மிகப் பொருத்தமானது.

கடன் முறிக்குத் தன்னையே ஒற்றி வைத்திருந்த படியாள் ஒருவன், சேரிக் கூரையின் கீழ் அமர்ந்து இச்சொல்லை முதன்முறை கேட்டபோது எப்பொருள் கொண்டிருப்பான்? ஆன்மா பாவத்தினின்று மீட்கப்படுவதை மட்டுமா அவன் எண்ணியிருப்பான்? உவமை என்று பாதிரியார் கூறியது அவனுக்கு வாழ்க்கை. சமயச் சொல் மக்கள் வழக்கினின்று எடுக்கப்படும்போது, மக்கள் அச்சொல்லின் பழைய பொருளையும் உடன் கேட்பர். செங்கற்பட்டுச் சேரிகளில் கிறித்தவம் அரசியலாயிற்று என்றால், அதற்குப் பாதிரிமாரின் கருத்து மட்டும் காரணமன்று. தமிழ்ச் சொல்லும் ஒரு காரணம் எனல் மிகையாகாது.

சாதி சமயத்தைச் சேர்ந்ததா?

பாதிரிமாரின் தொண்டு பெரிது. அதனை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் அவர்கள் கொண்டிருந்த ஒரு கோட்பாடு பின்னர்ப் பெருந்தீங்கு விளைத்தது. அதனை மறைப்பது ஆராய்ச்சியாகாது.

சாதி என்பது இந்து சமயத்தின் ஒரு கூறு என்று அவர்கள் கருதினர். ஆகவே அச்சமயத்தை விட்டவர் சாதியையும் விட்டவராவர் என்பது அவர்தம் துணிபு. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை கூடாது என ஆணையிட்டார். தஞ்சை வேதநாயக சாத்திரியார் முதலிய வேளாளக் கிறித்தவர் அதனை எதிர்த்தனர். 1850இல் சென்னைப் பாதிரிமார் மாநாடும் சாதியை இந்து சமயத்தோடு பிணைத்துக் கண்டித்தது. கண்டனம் உயர்ந்த நோக்குடையது. ஆனால் அதன் அடிப்படைக் கூற்று உண்மையோடு பொருந்தவில்லை. நெல்லை நாட்டு வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. தனி இருக்கை, தனிக் கல்லறைத் தோட்டம் என்பன பல ஊர்களில் அதன் பின்னும் தொடர்ந்தன.

அரசாங்கமும் இக்கோட்பாட்டைத் தன் வழியில் பயன்படுத்திக்கொண்டது. 1858ஆம் ஆண்டு விக்டோரியாப் பேரரசியின் அறிக்கை, குடிகளின் சமயத்தில் அரசு தலையிடாது என உறுதி கூறியது. சாதி சமயத்தைச் சேர்ந்தது என்றால், சேரியின் இழிநிலையும் சமயத்தைச் சேர்ந்ததாகும். அதில் தலையிடாமை நடுநிலைமையாகும். இவ்வாறு, சாதியை ஒழிக்கக் கூறிய கூற்றே சாதியைத் தொடாதிருக்கக் காரணமாயிற்று. பாதிரியார் சாதியைச் சமயம் என்றது அதனைப் பழிப்பதற்கு. அதிகாரி சமயம் என்றது அதனை விட்டு விலகுவதற்கு.

உண்மையில் படியாளைக் கட்டியது மனை, கடன், கூலி என்னும் மூன்று. இவற்றுள் ஒன்றேனும் திருமுழுக்கால் கரைவதன்று. ஞாயிறு கோயிலுக்குச் சென்றவனும் செல்லாதவனும் திங்களன்று ஒரே வயலில், ஒரே படிக்கு உழைத்தனர்.

சேரியிலிருந்து எழுந்த பிற குரல்கள்

சேரி மக்கள் கிறித்தவம் ஒன்றையே விடையாகக் கொண்டனர் என்று கருதுதல் தவறு. செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். பழித்த பெயரையே கொடியாக உயர்த்திய துணிவு அது. மதமாற்றத்தை அவர் தம் மக்களுக்கு வழியாகக் கொள்ளவில்லை. அரசியல் உரிமையையே வேண்டினார். பின்னர் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தவரும் அவரே. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தத்தைத் தழுவி, 1907 முதல் தாம் நடத்திய இதழில் தமிழ் இலக்கியத்தையும் வழக்காற்றையும் புது நோக்கில் ஆராய்ந்தார்.

இம்மண்ணில் சமயம் சாதியை எதிர்கொண்டது கிறித்தவத்தால் மட்டுமன்று. பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பி பிராமணர் அல்லர்; ஆயினும் அவரை ஆசானாகக் கொண்டு போற்றினார், அருகிலுள்ள திருப்பெரும்பூதூரில் தோன்றிய இராமானுசர். அடியாரிடையே குலம் நோக்கலாகாது என்னும் நெறி அங்குப் பேசப்பட்டது. ஆயின் பத்தி நெறி உள்ளத்தை விரித்த அளவுக்கு ஊர்க் காணியை விரிக்கவில்லை. வைணவம் எதிர்கொண்ட இவ்வெல்லையையே கிறித்தவமும் பல நூற்றாண்டுகளின் பின் எதிர்கொண்டது. 1891இன் சிறப்பு, காணியைப் பற்றிய வினா வெளிப்படையாகக் கேட்கப்பட்டதிலேயே உள்ளது.

அரசமைப்பும் கிறித்தவரும்

20ஆம் நூற்றாண்டின் தேசிய இயக்கத்தில் தமிழகக் கிறித்தவத் தலைவர்கள் ஏற்ற நிலை பெருமைக்குரியது. சேலத்தில் பிறந்த கே. டி. பால், வட்டமேசை மாநாட்டில் கிறித்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டா என வாதிட்டார். அரசமைப்பு அவையில் சிறுபான்மையினர் துணைக்குழுத் தலைவராக இருந்த வங்கத்து எச். சி. முகர்சியும், சென்னை இலயோலாக் கல்லூரி முதல்வராக இருந்த செரோம் டிசூசாவும் சமய அடிப்படையிலான ஒதுக்கீடு வேண்டா என்னும் நிலையை ஆதரித்தனர். கிறித்தவர் நாட்டு மக்களோடு மக்களாகக் கலந்து நிற்க வேண்டும் என்பது அவர்தம் எண்ணம்.

ஆயின் ஒதுக்கீடு வேண்டா என்று கூற வல்லவர் நகரத்துக் கல்வி பெற்ற கிறித்தவர். சேரியில் வாழ்ந்த கிறித்தவனின் நிலை வேறு. 1936ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியர் ஆணையே இந்தியக் கிறித்தவர் எவரும் அப்பட்டியலில் அடங்கார் என விதித்திருந்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து சமயம் அல்லாத சமயத்தார் பட்டியல் சாதியர் ஆகார் என்றது. சீக்கியர் சிலர்க்கு மட்டும் அன்று விலக்கு இருந்தது. 1956இல் சீக்கியரனைவரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் புறத்தே நின்றனர்.

சமயத்தின் பெயரால் தனிச் சலுகை வேண்டா என்பது ஒரு கூற்று. சாதியால் நேர்ந்த இழிவுக்கு ஈடு வேண்டும் என்பது மற்றொரு கூற்று. இவ்விரண்டும் முரணானவை அல்ல. ஒருவரே இரண்டையும் நேர்மையாகக் கூறலாம். ஆனால் இரண்டும் ஒன்றாகக் குழப்பப்பட்டன. முன்னதை விட்டுக்கொடுத்த பெருந்தன்மையின் நிழலில் பின்னதை இழந்தோர் துன்பம் மறைந்தது.

இதன் விளைவை ஒரு வழக்கு காட்டும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை என்பார், ஆதி திராவிடத் தொழிலாளர்க்கு அரசு வழங்கிய சிறு கடைப்பெட்டி தமக்கு மறுக்கப்பட்டது, தாம் கிறித்தவர் என்பதே அதற்குக் காரணம் என்று உச்ச நீதிமன்றம் சென்றார். 1985இல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. சாதியால் வந்த இழிவும் இடையூறும் புதிய சமயச் சூழலிலும் அதே கடுமையோடு தொடர்வதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என நீதிமன்றம் கருதியது. செருப்புத் தைப்பவர் எவ்வூசியால் தைக்கிறார் என்பது அவர் வழிபடும் இடத்தைப் பொறுத்து மாறுவதில்லை. 1850இன் பாதிரிமார் கூற்று, 1858இன் நடுநிலைமை, 1950இன் ஆணை ஆகியவை ஒரே கருத்தின் மூன்று நிலைகள் என்பதே இக்கட்டுரையாளர் துணிபு.

2007இல் இரங்கநாத் மிசுரா ஆணையம் அப்பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே. சி. பாலகிருட்டிணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்பிரலில் தமிழகச் சட்டப் பேரவை, கிறித்தவம் தழுவிய ஆதி திராவிடர்க்குப் பட்டியல் சாதியர் உரிமைகளை நீட்டிக்க வேண்டுமென ஒன்றிய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

புறநகரும் பஞ்சமியும்

1955 சனவரியில் ஆவடியில் தேபர் தலைமையில் கூடிய காங்கிரசுப் பேரவை, சமதர்மப் பாங்கான சமுதாயம் நாட்டின் குறிக்கோள் என அறிவித்தது. 64 ஆண்டுகளுக்கு முன் திரமென்கீர் எந்த மாவட்டத்து நிலத்தைப் பற்றி எழுதினாரோ, அந்த மாவட்டத்து மண்ணிலேயே அத்தீர்மானம் பிறந்தது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 1965இல் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. படியாளின் பேரன் ஆலைத் தொழிலாளியானான். படியளந்த கூலி மாதச் சம்பளமாயிற்று. கிறித்தவக் கோயில்களும் பெருகின. 1930களில் பூவிருந்தவல்லியில் அமைந்த திரு இருதயக் குருமடம் தமிழகக் கத்தோலிக்கக் குருமார் பலரைப் பயிற்றியது.

ஆயின் தொழில் வளர்ந்தபோது நிலத்தின் விலையும் வளர்ந்தது. ஏக்கர்க் கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த தரிசு, மனைப் பிரிவுகளாயிற்று. பஞ்சமி நிலங்கள் நிபந்தனைகளை மீறிப் பிறர் கைக்கு மாறின என்னும் முறையீடு தமிழகத்தின் பல பகுதிகளிலும் எழுந்தது. 1994இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணை என்னும் ஊரில் பஞ்சமி நில மீட்புக் கிளர்ச்சி தோன்றியது. அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் சான் தாமசு, மற்றவர் ஏழுமலை. ஒரு பெயர் விவிலியத்தை நினைவூட்டுவது. மற்றொன்று வேங்கடத்தை நினைவூட்டுவது. அவர்கள் நின்ற நிலம் ஒன்றே. கேட்ட மீட்பும் ஒன்றே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன மூன்று. ஒன்று: செங்கற்பட்டுச் சேரிகளில் கிறித்தவம் அரசியலுள் புகுந்தது அதிகார ஆசையால் அன்று, மனையில்லா மக்களிடையே சமயம் பேச வந்தவர் மனையைப் பேசாமல் இருக்க இயலாமையால். இரண்டு: அவ்வாறு புகுந்த அச்சமயம், சாதியை இந்து சமயத்தின் உடைமை எனக் கூறியதால், தன்னைத் தழுவியோரின் உரிமைக்குத் தானே தடையாகும் ஒரு கருத்தையும் விட்டுச் சென்றது. மூன்று: சேரி மக்கள், கிறித்தவராயினும் அல்லராயினும், தொடக்கம் முதல் இறுதி வரை கேட்டது ஒன்றே. அது காலூன்ற ஒரு மண்.

சமயம் அரசியலில் தலையிடலாமா என்னும் வினாவோடு தொடங்கினோம். இம்மாவட்டத்து வரலாறு அவ்வினாவைத் திருப்பி வேறு வகையாகக் கேட்கிறது. ஒரு மனிதன் இன்ன சமயத்தவன் என்பதைக் கொண்டு அவனுடைய வறுமைக்கும் இழிவுக்கும் அளவு குறிக்க அரசுக்கு உரிமை உண்டா? அவ்வினாவுக்கு நேர்மையான விடை வரும் நாளில், 1891இல் தொடங்கிய அறிக்கை முற்றுப்பெறும். அந்நாள்வரை, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் நில ஆவணங்கள் வரலாற்று மாணவர்க்கும் தமிழ் மாணவர்க்கும் ஒருங்கே பயிலத்தக்கன. காணி, சேரி, படி, சுதந்தரம், மீட்பு என்னும் சொற்களின் வரலாற்றை அறியாதார் அவ்வாவணங்களைப் படிக்க இயலாது. அவ்வாவணங்களைப் படியாதார் அச்சொற்களின் முழுப்பொருளை உணர்தலும் அரிது.